பாராளுமன்றத்தில் அமரத் தகுதி யாருக்கு?

சென்ற பருவத்தில் நம் சங்கம் நடத்திய சொற்போரை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாராளுமன்ற உறுப்பினராவதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே அன்றைய பொருள். ஒட்டியும் வெட்டியும் பலர் பேசினர். இறுதியில் கை தூக்கச் சொன்னபோது ஒட்டிய பக்கமே வென்றது. தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குக்கூடச் சான்றிதழ் கேட்கும் நாட்டில், நாடு முழுமைக்கும் சட்டம் வகுப்பவரிடம் எதுவும் கேட்பதில்லையே என்ற ஆத்திரம் எனக்கும் இருந்தது.

கூட்டம் கலைந்து விடுதிக்குத் திரும்புகையில் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னருகில் வந்து, "அண்ணா, இப்போது என்னென்ன தகுதிதான் கேட்கிறார்கள்?" என்று கேட்டார். வயது இருபத்தைந்து என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இல்லாத தகுதி ஒன்று வேண்டுமென்று கை தூக்கிய எனக்கு, இருக்கின்ற தகுதிகள் தெரியவில்லை. அந்த வெட்கத்தினால் நூலகத்தில் சில மாலைகளைக் கழித்தேன். அங்கு அறிந்தவற்றைத் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கே எழுதப்பட்டுள்ளது?

நம் பாராளுமன்றத்திற்கு இரண்டு அவைகள் உண்டு. லோக்சபை எனப்படும் மக்களவையில் 543 தேர்தல் இடங்கள். ராஜ்யசபை எனப்படும் மாநிலங்களவையில் 245 இடங்கள். தமிழ்நாட்டின் பங்கு மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18. இவற்றில் அமர்வதற்கான விதிகள் இரண்டு இடங்களில் காணப்படுகின்றன. ஒன்று அரசியலமைப்புச் சட்டம். அதன் 84-ஆம் விதி இருக்க வேண்டிய தகுதிகளைச் சொல்கிறது. 102-ஆம் விதி இருக்கக்கூடாத குறைகளைச் சொல்கிறது. மற்றொன்று, பாராளுமன்றமே இயற்றிய 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்த்தல் நன்று. அரசியலமைப்பில் உள்ளதை மாற்ற அரசியலமைப்பையே திருத்த வேண்டும். மற்றதைச் சாதாரணச் சட்டத்தாலேயே மாற்றலாம். எத்தகுதிகளை எளிதில் மாற்ற முடியாத இடத்தில் வைத்தார்கள் என்பதிலிருந்தே, எவற்றை அவர்கள் அடிப்படையாகக் கருதினார்கள் என்பது விளங்கும்.

வயது

மக்களவைக்கு 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாநிலங்களவைக்கு 30. அரசியல் நிர்ணய சபையின் முன் வந்த வாசகத்தில் மாநிலங்களவைக்கு 35 என்றே இருந்தது. 1949-ஆம் ஆண்டில் அதை 30 ஆகக் குறைக்கத் திருத்தம் கொண்டுவந்தவர் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற உறுப்பினரான துர்காபாய். அறிவு வயதைப் பொறுத்ததன்று என்பது அந்த அம்மையாரின் வாதம். சபை அதை ஏற்றுக்கொண்டது.

வாக்களிக்கும் வயது முதலில் 21 ஆக இருந்தது. 61-ஆவது திருத்தத்தின்படி 1989 முதல் 18 ஆயிற்று. ஆனால் போட்டியிடும் வயது மட்டும் அசையவில்லை. முன்பு இரண்டிற்கும் இடையே நான்கு ஆண்டுகள் இருந்தன. இன்று ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. இதழைப் படிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் இந்த ஏழாண்டு இடைவெளிக்குள்தான் இருக்கிறோம். எனக்கு வயது 23. நாட்டின் பிரதமரைத் தீர்மானிக்கும் தேர்தலில் வாக்களிக்கலாம். வேட்பு மனு மட்டும் கொடுக்க முடியாது.

பிரிட்டனில் இளைய வில்லியம் பிட் 21-ஆம் வயதில் பாராளுமன்றம் புகுந்து, 1783-இல் 24-ஆம் வயதில் பிரதமரானார். நம் சட்டத்தின்படி அவர் வேட்பாளராகவே நின்றிருக்க முடியாது. அந்நாட்டில் போட்டியிடும் வயது 21 ஆக இருந்ததை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 18 ஆக்கினார்கள். அமெரிக்காவிலோ கீழவைக்கு 25, செனட் சபைக்கு 30 என்ற எண்களே 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்பு முதல் இருந்து வருகின்றன. நம் நாட்டிலும் 2023-இல் பாராளுமன்ற நிலைக்குழு ஒன்று போட்டியிடும் வயதைக் குறைக்குமாறு பரிந்துரைத்தது. 2024 தேர்தலில் உத்தரப் பிரதேசத்துக் கௌசாம்பியிலிருந்து புஷ்பேந்திர சரோஜும், மச்லிஷஹரிலிருந்து பிரியா சரோஜும் 25 வயதிலேயே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இந்த வயது எந்த நாளில் நிரம்பியிருக்க வேண்டும்? வாக்களிக்கும் நாளிலா, பதவி ஏற்கும் நாளிலா? இரண்டும் அல்ல; வேட்பு மனுக்களைப் பரிசீலிக்கும் நாளில் நிரம்பியிருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் சுவார் சட்டமன்றத் தொகுதியில் 2017-இல் வென்றவருக்கு உரிய நாளில் 25 நிரம்பவில்லை என்று கண்ட உயர்நீதிமன்றம், 2019-இல் அத்தேர்தலையே செல்லாததாக்கியது. சட்டமன்றத்திற்கும் பாராளுமன்றத்திற்கும் இவ்விதி ஒன்றே.

குடியுரிமையும் உறுதிமொழியும்

உறுப்பினர் இந்தியக் குடிமகனாக இருத்தல் வேண்டும். பிறப்பால் குடிமகனா, பதிவால் குடிமகனா என்று சட்டம் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் குடியுரிமை பெற்று ஏழாண்டு கழிந்த பின்னரே கீழவைக்கும், ஒன்பதாண்டு கழிந்த பின்னரே செனட்டுக்கும் போட்டியிடலாம். நம் நாட்டில் அத்தகைய காத்திருப்பு இல்லை. இத்தாலியில் பிறந்து 1983-இல் இந்தியக் குடியுரிமை பெற்ற சோனியா காந்தி 1999-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது யாவரும் அறிந்ததே. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இந்தியக் குடியுரிமை பெற்ற மலையகத் தமிழருக்கும் இதே உரிமை உண்டு. ஆனால் எவரேனும் தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அக்கணமே தகுதி போய்விடும்.

அடுத்தது உறுதிமொழி. உறுப்பினரான பின் அவையில் எடுக்கும் உறுதிமொழியை நாம் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். அதற்கு முன்பே, வேட்பாளராக நிற்கும்போதே, தேர்தல் அதிகாரியின் முன் ஓர் உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கடவுளின் பெயராலும் எடுக்கலாம். கடவுளைக் குறிப்பிடாமல் உள்ளத்தால் உறுதி கூறியும் எடுக்கலாம். அரசியலமைப்பிடம் பற்று உண்டு என்பதோடு, இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்றும் சொல்ல வேண்டும்.

இந்தத் தகுதி 1950-இல் இல்லை. 1963-ஆம் ஆண்டின் 16-ஆவது திருத்தத்தால் வந்தது. அதன் பின்னணி தமிழராகிய நமக்கு நெருக்கமானது. 1962-இல் மாநிலங்களவைக்குச் சென்ற அறிஞர் அண்ணா அங்கே திராவிட நாட்டுக் கோரிக்கையை எடுத்துரைத்தார். அதே ஆண்டில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. சர் சி. பி. ராமசாமி ஐயர் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, பிரிவினை பேசுவோர் தேர்தலில் நிற்க முடியாதவாறு இத்திருத்தம் கொண்டுவரப்பட்டது. அண்ணா அதை மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசினார். எனினும் அதே 1963-இல் திராவிட முன்னேற்றக் கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967-இல் தமிழ்நாட்டின் ஆட்சியைப் பிடித்தது. ஒரு தகுதி விதி ஒரு மாநிலத்தின் அரசியல் வரலாற்றோடு எத்துணை நெருங்கிப் பிணைந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாக்காளர் பட்டியல்

வெளிமாநிலத்தில் வாழும் நாம் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி இது. மக்களவைக்குப் போட்டியிட, இந்தியாவின் ஏதேனும் ஒரு பாராளுமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். சிக்கிம், லட்சத்தீவு போன்ற சில இடங்களுக்குத் தனி விதி உண்டு; மற்றபடி தஞ்சாவூர் வாக்காளர் வாரணாசியில் நிற்கலாம், நாகபுரி வாக்காளர் நாகப்பட்டினத்தில் நிற்கலாம். தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்பவரும், எந்த மாநிலத்துப் பட்டியலில் உள்ள தாழ்த்தப்பட்ட வகுப்பினராயினும் நிற்கலாம்.

மாநிலங்களவைக்கு முன்பு அந்தந்த மாநிலத்து வாக்காளராகவே இருக்க வேண்டும் என்றிருந்தது. 2003-இல் அது நீக்கப்பட்டது. மூத்த பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதன் பயனாகத்தான் நிர்மலா சீதாராமன் கர்நாடகத்திலிருந்தும், ஜெய்சங்கர் குஜராத்திலிருந்தும், எல். முருகன் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மாநிலங்களவைக்கு வர முடிந்தது. மாநிலங்களின் அவை என்று பெயர் வைத்துவிட்டு, மாநிலத்தோடு தொடர்பில்லாதவரை அனுப்பலாமா என்ற கேள்வியும் நியாயமானதே.

மாநிலச் சட்டமன்றத்திற்கு மட்டும் அம்மாநிலத்திலேயே வாக்காளராக இருக்க வேண்டும். மும்பையின் சயான்–கோலிவாடா தொகுதியிலிருந்து 2014-இல் மகாராஷ்டிரச் சட்டமன்றத்திற்குத் தமிழ்ச்செல்வன் சென்றார். பிழைக்கப் போன ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொண்டவருக்கே இவ்வழி திறக்கும்.

ஆகவே மற்ற எல்லாத் தகுதிகளுக்கும் அடித்தளமாக நிற்பது வாக்காளர் பட்டியலில் பெயர் என்பது தெளிவாகிறது. எவ்வளவு படித்தவராயினும், எவ்வளவு புகழ் பெற்றவராயினும், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லையெனில் வேட்பு மனு தள்ளப்படும். இவ்விடத்தைப் படித்தபோது என் பெயர் எங்கே உள்ளது என்று பார்க்கத் தோன்றியது. எங்கள் குடும்பம் மூன்று முறை வீடு மாறியது. பழைய ஊர்ப் பட்டியலில் தந்தையார் பெயர் உண்டு, தாயார் பெயர் உண்டு; என் பெயர் இல்லை. நான் பதினெட்டு நிரம்புமுன் படிக்க வெளியேறியவன். இங்கும் பதிந்துகொள்ளவில்லை. ஐந்தாண்டுகளாக நான் எந்தத் தொகுதிக்கும் உரியவனல்லன். சட்டம் வகுப்போருக்குப் பட்டம் வேண்டும் என்று கை தூக்கியவனுக்கு, வாக்காளன் என்ற முதற் பட்டமே கிடையாது!

தகுதியைக் கெடுப்பவை

இனி 102-ஆம் விதிக்கு வருவோம். தகுதிகள் எல்லாம் இருந்தும் ஒருவரை விலக்கும் குறைகள் இதில் கூறப்படுகின்றன.

முதலாவது, அரசாங்கத்தின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகித்தல். அரசாங்கத்தைக் கேள்வி கேட்க வேண்டியவர் அதே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கினால் நாக்கு எழுமா? பதவி காட்டி உறுப்பினர்களை மன்னர் வளைத்துப் போடுவதைத் தடுக்கவே பிரிட்டனில் இக்கொள்கை தோன்றியது. ஆனால் எது ஆதாயப் பதவி என்பதில்தான் சிக்கல். 2006-இல் மாநிலங்களவை உறுப்பினர் ஜெயா பச்சன், உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவராக இருந்தமையால் பதவியிழந்தார். ஊதியமே பெறவில்லை என்று அவர் வாதிட்டார். பெற்றாரா என்பதன்று, பெறக்கூடிய பதவியா என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதே ஆண்டில், தேசிய ஆலோசனைக் குழுத் தலைவர் பதவி குறித்து எழுந்த சர்ச்சையால் சோனியா காந்தி மக்களவை இடத்தைத் துறந்து, ராய்பரேலியில் மீண்டும் நின்று வென்றார்.

உடனே பாராளுமன்றம் பல பதவிகளுக்கு விலக்களித்து மசோதா நிறைவேற்றியது. அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைக் கையெழுத்திடாமல், மறுபடி ஆராயுமாறு திருப்பி அனுப்பினார். அவைகள் அதையே மீண்டும் நிறைவேற்றவே, அரசியலமைப்பின்படி இசைவு தந்தார். தடுக்க அதிகாரமில்லாத இடத்திலும் நின்று யோசிக்கச் சொல்லலாம் என்று காட்டிய இராமேசுவரத்து விஞ்ஞானியை எண்ணி, அறிவியல் மாணவனாகிய நான் பெருமைப்பட்டேன்.

இரண்டாவது சித்த சுவாதீனமின்மை, மூன்றாவது திவால். இவற்றிற்கு அக்கம்பக்கத்தார் பேச்சோ கட்சிக்காரர் ஏச்சோ போதாது. உரிய நீதிமன்றம் சித்த சுவாதீனமற்றவர் என்று தீர்மானித்திருக்க வேண்டும். திவாலாக அறிவிக்கப்பட்டு அதிலிருந்து விடுவிக்கப்படாதவராக இருக்க வேண்டும்.

நான்காவது, குற்றத் தீர்ப்பு. இது பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் உள்ளது. பகைமையைத் தூண்டுதல், கையூட்டு போன்ற குறிப்பிட்ட சில குற்றங்களில் தண்டனை எவ்வளவு சிறிதாயினும் தகுதி போகும். மற்றக் குற்றங்களில் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் போகும். தண்டனைக் காலம் மட்டுமன்று. விடுதலையான பின் மேலும் ஆறு ஆண்டுகள் நிற்க முடியாது.

முன்னர், பதவியிலிருக்கும் உறுப்பினர் மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்தால் பதவியில் தொடரலாம் என்ற சலுகை இருந்தது. சாதாரணக் குடிமகனுக்கு இல்லாத இச்சலுகையை, லில்லி தாமஸ் வழக்கில் 2013-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இதன் வலிமை 2023-இல் புலப்பட்டது. மார்ச் 23-ஆம் நாள் சூரத் நீதிமன்றம் அவதூறு வழக்கில் ராகுல் காந்திக்கு ஈராண்டுத் தண்டனை விதித்தது. மறுநாளே மக்களவை இடம் காலியானதாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்தி வைத்த பின்னரே அவர் அவைக்குத் திரும்பினார். தண்டனை ஒரு நாள் குறைந்திருந்தாலும் இவ்விதி அவரைத் தொட்டிராது.

தமிழ்நாடும் இதைக் கண்டது. 2001-இல் ஜெயலலிதாவின் வேட்பு மனுக்கள் தள்ளப்பட்டன. எனினும் அவருடைய கட்சி வென்று, அவர் முதலமைச்சரானார். உறுப்பினரல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற விதியே துணையாகக் காட்டப்பட்டது. அந்த ஆறு மாதச் சலுகை, உறுப்பினராகும் தகுதியுடையவருக்கே உண்டு, தகுதி இழந்தவருக்கு இல்லை என்று அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, அவர் பதவி விலக நேர்ந்தது. பிற்காலத்தில் அவ்வழக்குகளில் விடுதலை பெற்று மீண்டும் முதலமைச்சரானார்.

தீர்ப்பு வராமல் வழக்கு மட்டும் நிலுவையில் இருந்தால் தடையில்லை. குற்றச்சாட்டு பதிவானாலே விலக்க வேண்டும் என்ற கோரிக்கையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அது பாராளுமன்றம் செய்ய வேண்டிய சட்டம் என்று கூறி, வழக்குகளை மக்களறியப் பறைசாற்றுமாறு மட்டும் ஆணையிட்டது. பொய் வழக்குப் போட்டே எதிரியைத் தேர்தலிலிருந்து விலக்கிவிடலாம் என்ற அபாயம் ஒருபுறம். வழக்கு முடியுமுன் ஐந்தாண்டுப் பதவியே முடிந்துவிடும் என்ற அவலம் மறுபுறம். இரண்டும் மெய்யே.

சிறையில் இருப்போர் வாக்களிக்க முடியாது, ஆனால் போட்டியிடலாம். 1977-இல் ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறையிலிருந்தே முசாபர்பூரில் வென்றார். 2024-இல் பாரமுல்லாவில் ரஷீதும், கதூர் சாஹிபில் அம்ரித்பால் சிங்கும் அவ்வாறே வென்றனர். என்னைப் போன்ற இளைஞன் வாக்களிக்கலாம், நிற்கலாகாது. சிறையாளி நிற்கலாம், வாக்களிக்கலாகாது. சட்டத்தின் விந்தைகளில் இதுவும் ஒன்று.

இவையன்றி, கட்சி மாறினாலும் பதவி போகும். 1985-இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை இதைச் சொல்கிறது. அனுமதியின்றி அறுபது நாள் அவைக்கு வராவிடில் இடம் காலியென்று அவை அறிவிக்கலாம். தகுதியில்லை என்று தெரிந்தே அவையில் அமர்ந்து வாக்களித்தால் நாளொன்றுக்கு ரூ. 500 அபராதம். பாராளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒரே காலத்தில் இருக்க முடியாது. 1967-இல் தென் சென்னையிலிருந்து மக்களவைக்கு வென்றிருந்த அண்ணா, முதலமைச்சராகிச் சட்ட மேலவைக்கு வந்ததால் அவ்விடத்தைத் துறந்தார். இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார்.

வேட்பு மனுவின் வாயிற்படி

தகுதி இருந்தாலும் வாயிற்படி ஒன்று உண்டு, அதுதான் டெபாசிட். தொடக்கத்தில் மக்களவைக்கு ரூ. 500. 1996-இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். உழவர்களின் குறைகளைக் கவனிக்காததற்கு எதிர்ப்பாகப் பெரும்பாலோர் நின்றனர். வாக்குச் சீட்டைப் புத்தகம் போல் அச்சிட வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ஆந்திராவின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேர். உடனே அவ்வாண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு டெபாசிட் ரூ. 10,000 ஆயிற்று. அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவருக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றும் ஆயிற்று. இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கலாகாது என்ற கட்டுப்பாடும் அப்போது வந்ததே. 1957-இல் வாஜ்பாய் மூன்று தொகுதிகளில் நின்று பல்ராம்பூரில் மட்டும் வென்றார். இன்று அவ்வாறு நிற்க முடியாது.

2009-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் டெபாசிட் ரூ. 25,000; தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதில் பாதி. பதிவான செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிடில் அது அரசுக்குப் போய்விடும். விளையாட்டாக நிற்போரை இத்தொகை தடுக்கும் என்பது உண்மை. ஒரு கோரிக்கையை நாடறியச் செய்ய வேறு வழி தெரியாத ஏழை உழவரையும் இதுவே தடுக்கும் என்பதும் உண்மை.

கல்வித் தகுதி ஏன் இல்லை?

இனி நம் சொற்போரின் பொருளுக்கு வருவோம். என்னைப் போலவே எண்ணிய பெரியவர் ஒருவர் அரசியல் நிர்ணய சபையிலேயே இருந்தார். அச்சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத், 1949 நவம்பர் 26-ஆம் நாள் தம் நிறைவுரையில், சட்டத்தை நிருவகிப்போருக்கு உயர்ந்த தகுதிகள் கேட்கும் நாம், சட்டம் இயற்றுவோருக்குத் தேர்ந்தெடுக்கப்படுதல் தவிர வேறு தகுதி வைக்கவில்லையே என்று வருந்தினார். ஆகவே அதைப் பற்றி எண்ணாமல் விட்டுவிட்டார்கள் என்று கூறுவதற்கில்லை, எண்ணித்தான் விட்டார்கள்.

அன்றைய நிலையை நோக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு இருபதுகூட இல்லை. அதற்கு முன் ஆங்கிலேயர் ஆட்சியில் சொத்து, வரி, கல்வி ஆகியவற்றை அளவாக வைத்துத்தான் வாக்குரிமை தரப்பட்டது. பெரும்பான்மை மக்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். பிரிட்டனிலேயே 1710 முதல் உறுப்பினருக்குச் சொத்துத் தகுதி இருந்தது. தொழிலாளர் இயக்கங்கள் போராடிய பின் 1858-இல்தான் அது நீங்கிற்று. தகுதி என்ற பெயரில் வரலாறு நெடுகிலும் கதவடைக்கப்பட்டவர்கள் ஏழைகளே.

இதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. அரியானா மாநிலம் 2015-இல் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சற்றுக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் அது செல்லும் என்றது. சட்டப்படி செல்லலாம், ஆனால் பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டியிடம், நீ படிக்கவில்லை, ஆகவே உன் ஊருக்குப் பள்ளிக்கூடம் கேட்கும் இடத்தில் அமர உனக்குத் தகுதியில்லை என்று கூறுவது நியாயமாகுமா? இராஜஸ்தானமும் இத்தகைய சட்டம் இயற்றி, 2019-இல் அதைக் கைவிட்டது.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கடையில் வேலைக்கு அமர்ந்த காமராசர் 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் மக்களவைக்குச் சென்றார். 1954-இல் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளிகள் திறந்து, மதிய உணவும் தந்தார். நாம் வேண்டிய விதி அன்று இருந்திருந்தால் அவர் வெளியே நின்றிருப்பார். அவர் திறந்த பள்ளிகளில் படித்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், பட்டம் பெற்ற செருக்கில் அவருக்கு எதிராகக் கை தூக்கியிருக்கிறோம். அன்று எவருக்கும் இது நினைவுக்கு வராமற்போனதே!

அவ்வாறாயின் அறிவுக்கு இடமே இல்லையா? உண்டு. இலக்கியம், அறிவியல், கலை, சமூகத் தொண்டு ஆகிய துறைகளில் சிறந்த 12 பேரை மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். சத்தியேந்திரநாத் போஸ் 1952-இலும், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 2007-இலும் அவ்வாறு சென்றனர். நியமனத்திற்குக் காத்திராமல், 1952-இல் கல்கத்தாவில் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்று மக்களவை புகுந்த பௌதிக மேதை மேகநாத சாகாவும் நம் முன் இருக்கிறார்.

மேலும், 2002, 2003-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால், ஒவ்வொரு வேட்பாளரும் தம் கல்வி, சொத்து, கடன், வழக்குகள் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டியதாயிற்று. படித்திருக்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. எவ்வளவு படித்தாய் என்று மறைக்காமல் சொல் என்கிறது. அதைப் பார்த்து முடிவு செய்வது வாக்காளரின் வேலை.

முடிவுரை

கணிதத்தில் வேண்டிய நிபந்தனை, போதிய நிபந்தனை என்று இரண்டு படிக்கிறோம். சட்டம் கூறும் வயது, குடியுரிமை, உறுதிமொழி, பட்டியலில் பெயர் ஆகிய யாவும் வேண்டிய நிபந்தனைகளே. போதிய நிபந்தனையை எந்த விதியும் எழுதவில்லை; அதை வாக்காளர் கையில் விட்டிருக்கிறார்கள். நாங்கள் கூட்டத்தில் செய்ய முயன்றது, அந்தப் பொறுப்பை வாக்காளரிடமிருந்து பிடுங்கிப் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் ஒப்படைப்பதே. ஆகவே அன்று தூக்கிய கையை இக்கட்டுரையின் வாயிலாக இறக்கிக்கொள்கிறேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுதி மாணவர் தம் சொந்த ஊரிலோ, படிக்கும் ஊரிலோ, ஏதேனும் ஓர் இடத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், இரண்டிலும் இருத்தலாகாது. ஆறாம் படிவத்தை நிரப்பி, இங்கே பதிவதாயின் கல்வி நிலையத்தின் சான்றையும் இணைக்க வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாளில் 18 நிரம்பியோர் அந்தந்தக் காலாண்டில் சேரலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தன்று வாசலில் ஒரு மேசை போட்டுப் படிவங்களை வைக்குமாறு செயலாளரைக் கேட்டிருக்கிறேன், இசைந்திருக்கிறார்.

என் படிவத்தைச் சென்ற வாரம் கொடுத்துவிட்டேன். பாராளுமன்றத்தில் அமர எனக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் வேண்டும். அங்கே யார் அமர்வது என்று தீர்மானிக்கும் தகுதியை ஐந்தாண்டுக் காலம் நானே இழந்து நின்றேன். இனி அவ்வாறு நிற்கமாட்டேன்.